தட்டு பறக்காமல் இருக்க ஒரு பேட்டன்ட்

பேட்டன்ட் வழக்கு என்றாலே மருந்து கம்பெனி, செல்போன் கம்பெனி என்றுதான் நினைத்திருந்தேன். வணிகச் சட்டப் பாடத்தில் இரண்டே வரியில் வந்துபோகும் ஒரு வழக்கைத் தேடிப் போனால், அது ஒரு லேத் பட்டறையில் கொண்டுபோய் விட்டது! பரீட்சைக்கு அந்த இரண்டு வரி போதும். ஆனால் முழுக்கதை ரொம்ப சுவாரஸ்யம்.

இடம் உத்தரப்பிரதேசத்தில் மிர்சாப்பூர். பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். கரடுமுரடான பாத்திரத்தை லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, சுரண்டிக் கடைசல் பிடித்தால்தான் வழவழப்பு வரும். ஆழமில்லாத தட்டு என்றால் அதை இறுக்கிப் பிடிப்பதே பெரும்பாடு. ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு இருந்ததால், சுற்றுகிற வேகத்தில் தட்டு கழன்று பறக்கும். பக்கத்தில் நிற்கும் தொழிலாளி கதி என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற கூட்டு நிறுவனம் 1951-ல் ஒரு வழி சொன்னது. எதிர்ப்பக்கத்தில் டெயில்ஸ்டாக் வைத்து, அதிலிருந்து ஒரு தண்டால் தட்டை அழுத்திப் பிடிப்பது. அவ்வளவுதான். 1953-ல் பேட்டன்டும் கிடைத்தது. அதே ஊரில் பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் நிறுவனமும் அதே முறையில் வேலை செய்ய, வழக்கு வந்தது. "இது ஊரறிந்த முறை, இதில் புதுசு எதுவுமில்லை, பேட்டன்டையே ரத்து செய்யுங்கள்" என்றது எதிர்த்தரப்பு.

இங்கேதான் வேடிக்கை. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி பேட்டன்டை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் டிவிஷன் பெஞ்ச் அதைத் திருப்பிக் கொடுத்தது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ரத்து செய்தது. "யாருக்கும் தெரிந்த விஷயமா?" என்பதில் நீதிபதிகளுக்கே ஒத்துப்போகவில்லை :-)

நீதிபதி சர்க்காரியா எழுதிய தீர்ப்பில் ஓர் அளவுகோல் இருக்கிறது. இதே பிரச்சினையில் மாட்டிக்கொண்ட, தொழில் தெரிந்த ஒருவர். இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அவருக்குத் தெரியாது. அதற்கு முன்பே வெளியில் இருந்த தகவலை மட்டும் அவர் கையில் கொடுத்தால், "எனக்கு வேண்டியது இதுதான்" என்பாரா? சொல்வார் என்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது. டெயில்ஸ்டாக்கும் அழுத்தும் தண்டும் பல காலமாக லேத்தில் இருப்பவை. அவற்றைத் தட்டுக்குப் பொருத்தியது வெறும் பட்டறைத் திருத்தம் என்று முடித்துவிட்டார்கள்.

விடையைப் பார்த்த பிறகு எல்லாக் கணக்கும் சுலபம்தானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. அவ்வளவு சுலபம் என்றால் தட்டு ஏன் பறந்துகொண்டே இருந்தது? ஆனாலும் தீர்ப்பு சரி என்றே இப்போது நினைக்கிறேன். கையில் கிடக்கும் சாமானை வைத்து ஆபத்தைக் குறைக்கும் ஒரு வழி ஒரே முதலாளிக்குச் சொந்தமாகிவிட்டால், அடுத்த பட்டறை அனுமதி கேட்டுக் காசு கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே தட்டு பறக்கத்தான் செய்யும்.

ஒரு சின்னக் கணக்கு. அன்றைய 1911 சட்டப்படி பேட்டன்டின் ஆயுள் 16 ஆண்டுகள். 1951-லிருந்து எண்ணினால் 1967-லேயே அது தானாகக் காலாவதியாகியிருக்கும். இறுதித் தீர்ப்பு வந்தது அதற்கும் 11 ஆண்டுகள் கழித்து.