ஓய்ந்த கதை மீளத் தொடங்குமிடம்: வட்டுக்கோட்டைக் கூத்து மரபை முன்வைத்து ஒரு நோக்கு

வட்டுக்கோட்டை என்றதும் வரலாற்று மாணவர் உள்ளத்தில் இரு செய்திகள் எழுதல் இயல்பு. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கி 1855 இல் மூடப்பெற்ற செமினரி ஒன்று. 1976 ஆம் ஆண்டின் அரசியல் தீர்மானம் மற்றொன்று. இவற்றுக்கு முற்பட்ட மூன்றாவது பெருமையும் அவ்வூருக்கு உண்டு. 18 ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த கணபதி ஐயர் அபிமன்யுவின் கதையை ‘வாளபிமன் நாடகம்’ எனப் பாடினார். பாரதக் கதைகளை ஆடும் வடமோடிக் கூத்து மரபும் அவ்வூரில் நிலைபெற்று வந்துள்ளது. இம்மரபினுள் அடங்கிய ஒரு வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா இதுதான்: வீரத்தின் உச்சத்தை எய்திவிட்ட நாயகரைக் கொண்ட ஒரு கதை, இடைவெளியொன்றின் பின் மீள ஆடப்படுமிடத்து எந்நிகழ்ச்சியிலிருந்து தொடங்குதல் வேண்டும்? பாசுபதம் பெற்ற அருச்சுனனை அஞ்சவைக்கும் பகை யாது? வெல்லற்கரியார் வெல்வது உறுதியெனில் அவையோர் விடியும்வரை விழித்திருக்கக் காரணமில்லை.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தில், ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரர், மந்திரவாதியர் முதலாய பாத்திரங்களைத் தாங்குவர். பாத்திரங்கள் ஆட்டந்தோறும் ஆற்றல் வளர்ந்து செல்லும். அவை உச்சநிலை அடைந்தபின், நின்றுபோன கதையை எவ்வாறு மீளத் தொடுப்பது என்பது அவ்வாட்டத்தாரையும் எதிர்நோக்கும் இடர்ப்பாடாகும். அண்ணாவிமாரும் புலவரும் அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே இதற்கு விடைகள் கண்டிருந்தனர்.

முதல் விடை, ஆற்றலை மறைத்தல். விராட பருவத்தில் பாண்டவர் பன்னீராண்டு வனவாசம் முடித்து, ஓராண்டு கரந்துறைகின்றனர். தருமன் கங்கன் ஆகிறான். வீமன் மடைப்பள்ளி புகுகிறான். அருச்சுனன் பேடி வடிவில் ஆடல் பயிற்றுகிறான். அவர்தம் வலிமை சிறிதும் குன்றவில்லை. ஆயின் அதனை வெளிப்படுத்தலே அவர்க்குக் கேடாகும். கீசகன் திரௌபதியை அவமதிக்கும்போது, கொல்லும் வன்மை படைத்தோர் வாளாவிருக்க நேர்கின்றது. அவலம் இங்கு பகைவன் வலிமையால் அன்றி, நாயகரின் கட்டுப்பாட்டால் விளைகிறது.

இரண்டாவது, தலைமுறை மாற்றம். பதின்மூன்றாம் நாட் போரில் அபிமன்யு சக்கரவியூகத்தினுட் புகும் வகை அறிந்திருந்தான். மீளும் வகை அறிந்திலன். தந்தையின் புகழ் மகனுக்கு உரிமையாகலாம்; ஆற்றல் முழுவதும் உரிமையாவதில்லை. கணபதி ஐயர் அருச்சுனனை விடுத்து அவன் மைந்தனைப் பாடுபொருளாகக் கொண்டமை இந்நோக்கிற் சிந்திக்கத்தக்கது.

மூன்றாவது, புதிய களமும் சிறிய காரணமும். புகழேந்திப்புலவர் பெயரால் வழங்கும் அல்லியரசாணிமாலையில், அருச்சுனன் மதுரையை ஆளும் பெண்ணரசியொருத்தி முன் தன் வில் பயனற்று நிற்கக் காண்கிறான். பவளக்கொடி கதையோ ஒரு குழந்தையின் விருப்பத்திற் பிறக்கிறது. மைந்தன் புலந்திரன் விளையாடப் பவளத்தேர் கேட்க, அதன்பொருட்டே தந்தை பெரும்பயணம் புறப்படுகிறான். உலகம் அழியும் என்ற அச்சுறுத்தலின்றியே மாவீரனை மீண்டும் வழிநடத்தலாம் என நாட்டார் மரபு உணர்ந்திருந்தது.

நான்காவது, வெற்றியின் விலையைக் கதையாக்கல். போர் முடிந்தபின் நிகழும் அசுவமேதத்தில், வேள்விக்குதிரையைத் தொடர்ந்து சென்ற அருச்சுனன் தன் மகன் பப்பிரவாகனன் கையால் வீழ்கிறான். உலூபி கொணர்ந்த மணியால் உயிர்பெறுகிறான். பகைவரெல்லாம் ஒழிந்தபின் எஞ்சுவோர் உறவினரே என்பது அக்கதையின் கூர்மையாகும்.

இனி, கூத்தே ஓய்ந்துபோகுமிடத்து அதனை மீளத் தொடங்கல் எவ்வாறு? 1956 இல் சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள நாடகவுலகில் ஏற்படுத்திய விழிப்பைத் தொடர்ந்து, பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962 இல் அரங்கேறியது ‘கர்ணன் போர்’. 1960களின் நடுப்பகுதியில் சி. மௌனகுருவின் எழுத்தில் ‘இராவணேசன்’ வந்தது. இவ்விரு தெரிவுகளும் தற்செயலானவை அல்ல எனக் கருத இடமுண்டு. அறிந்த கதையைத் தோற்றோன் பக்கத்தினின்று தொடங்கினால், முடிவு தெரிந்திருந்தும் அவையோர் நெஞ்சு பதைக்கும். 1968 மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் பின், என். கே. இரகுநாதனின் ‘கந்தன் கருணை’ மேலும் ஒருபடி சென்றது. ஆலயத்துட் புக மறுக்கப்பட்டோரின் வழக்கிலே தெய்வத்தையே பாத்திரமாக்கியது அது. எல்லாம் வல்லோன் தோன்றும் கதையிலும் யார் பக்கம் நிற்பது என்னும் வினா எஞ்சியே இருக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

இம்மீட்டுருவாக்கம் இழப்பின்றி நிகழ்ந்ததன்று. விடியவிடிய ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணி நேரத்துட் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. எனினும் ‘வரவு’ என்னும் உறுப்பு நிலைத்தது. பாத்திரம் களரிக்கு வரும்போதே தான் இன்னார் என ஆடியும் பாடியும் அறிவிக்கும் இம்முறை, முன்கதை முழுவதையும் கூறாமலே எவ்விடத்தினின்றும் கதையைத் தொடங்க வகைசெய்கிறது. இடைவெளிக்குப் பின் மீளும் ஆட்டத்திற்கு இதனினும் சிறந்த உத்தி அரிது.

1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வட்டுக்கோட்டையும் பெயர்ந்தது. ஊர் பெயரும்போது வீடும் வயலும் மட்டும் பிரிவதில்லை. ஏட்டைப் பார்த்து வாசிப்போனும், மத்தளம் முழக்குவோனும், நெடுநாள் ஒரே பாத்திரம் தாங்கியோனும் வெவ்வேறு திசைகளிற் சிதறுவர். பாடல் ஏட்டில் இருக்கலாம். அடவும் இராகமும் ஆள்களிலேதான் வாழ்வன. அத்தகைய முறிவின் பின் எக்கதையை முதலில் ஆடுவது என்பது வெறும் அழகியல் வினா அன்று. போரை நேரிற் கண்ட அவைக்குக் குருக்கேத்திரத்தை வெற்றிக் கதையாக ஆடிக் காட்டுதல் இயலாது.

ஆகவே, கரந்துறைந்தோர் மீண்டு தம் பெயர் சொல்லும் விராட பருவமும், வியூகத்தினின்று மீளாத மைந்தனுக்காக இரங்கும் அபிமன்யு கதையும் இன்று ஆடப்படுதற்கு மிகவும் ஏற்றன எனலாம். முன்னது திரும்பி வந்தோரின் கதை. பின்னது வராதோரின் கதை. இரண்டினுக்கும் வேண்டிய வரவுப் பாடல்கள் மூத்த கலைஞர் நினைவில் உள்ளவரை, அவற்றைக் கேட்டுப் பயின்று களரியில் ஏற்றுதல் தமிழ் மாணவர் கடமையாகும்.