எச்சில் நூலும் எந்திரத் தறியும்

பம்பாய் மில்களில் மகர் மக்களுக்கு ஸ்பின்னிங் பக்கம் வேலை உண்டு, வீவிங் பக்கம் கிடையாது. கூலி கூடுதலாகக் கிடைத்ததோ வீவிங்கில்தான். ஏன் விடவில்லை என்றால், எச்சிலாம்!

பழைய மில் தறியில் நாடாவுக்குள் இருக்கும் தார் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். தறியை நிறுத்தி, புதுத் தாரை மாட்டி, நூல் நுனியை நாடாவின் கண் வழியே வெளியே எடுக்க வேண்டும். வாய் வைத்து உறிஞ்சினால் நூல் சட்டென்று வந்துவிடும். தீண்டப்படாதவன் வாய் பட்ட நூலைச் சாதி இந்து தொடுவானா? ஒரே பஞ்சுத் தூசியை எல்லோரும் சேர்ந்து சுவாசித்தார்கள், அதில் மட்டும் தீட்டு இல்லை.

1928இல் முதலாளிகள் ஆள்குறைப்புத் திட்டம் கொண்டுவந்தார்கள். இரண்டு தறி பார்த்தவர் மூன்று தறி பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போதுதான் அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம், எல்லாப் பிரிவிலும் எங்கள் மக்களுக்கு வேலை என்பதையும் கோரிக்கையில் சேருங்கள் என்றார். அரை மனதோடு சேர்த்தார்கள். விசாரித்த பாசெட் குழு என்ன சொன்னது? இது அநீதியே என்றாலும் முதலாளிகள் பொறுப்பல்ல என்று கையைக் கழுவிக்கொண்டது. குழு சொன்னதில் பாதி உண்மை. வழியை மறித்து நின்றவர்கள் பக்கத்துத் தறிக்காரர்கள்தானே! வர்க்கம் வர்க்கம் என்று பேசும் தோழர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வாய் தேவைப்படாத தறி அதற்கு முன்பே வந்துவிட்டது. 1890களின் நடுவில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நார்த்ராப் தறி, தாரைத் தானே மாற்றும், நூலையும் தானே கோத்துக்கொள்ளும். ஆனால் கூலி மலிவாகக் கிடைக்கிற ஊரில் விலை கூடிய எந்திரம் யாருக்கு வேண்டும்? பம்பாயில் பழைய தறிகளே பல பத்தாண்டுகள் ஓடின. மசாசூசெட்ஸில் 1911இல் வாயால் உறிஞ்சும் நாடாவைத் தடை செய்தார்கள். அங்கே பயம் நோய் பற்றியது.

இன்றைய ஏர்ஜெட் தறியில் நாடாவே இல்லை. அழுத்தப்பட்ட காற்று ஊடை நூலை நிமிடத்துக்கு 600 தடவைக்கு மேல் அடித்துத் தள்ளுகிறது. நூல் மறுகரை சேர்ந்ததா என்று சென்சார் பார்க்கும். சேராவிட்டால் கணினி தறியை நிறுத்தும். சில தறிகள் அறுந்த நூலைத் தாமே எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓடத் தொடங்கிவிடும். யார் எச்சிலும் அதில் படாது. ஆனால் ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்கிற அந்த ஷெட்டில் நுழைய எத்தனை பேருக்கு இடமிருக்கிறது?

பம்பாய் மில்களைக் கணினி மட்டும் மூடவில்லை. 1982 ஜனவரி 18இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே நின்றார்கள். துணி பிவண்டி விசைத்தறிகளுக்குப் போனது, மில் நிலம் மனைவிலைக்குப் போனது. அதற்கு முன் வீவிங்கில் மெல்ல மெல்ல நுழைந்த நம்மவர்களும் அவர்களோடு தெருவுக்கு வந்தார்கள். முதன்முதலாக நாடாவில் வாய் வைத்த அந்த மகர் தொழிலாளி யார், அன்றைக்குப் பக்கத்துத் தறிக்காரர் என்ன செய்தார்? கேட்டு எழுதிவைக்க ஆளில்லாமல் போயிற்று.