விதானத்துக்கு வெளியே ஒரு கரிமக் கிடங்கு: நீலகிரிப் புல்வெளியும் காட்டுக் கணக்கும்

கூடுதல் காடு, மரப்பரப்பு ஆகியவற்றின் வழியாக 2030-க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான கரிமத்தைத் தேக்குவதாகப் பாரிஸ் ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா உறுதியளித்துள்ளது. காட்டுப்பரப்பை அளந்து சொல்வது இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம். குறைந்தது ஒரு ஹெக்டேர் நிலத்தில் மர விதானம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது காட்டுப்பரப்பு. எந்த மரம், யாருடைய நிலம் என்ற கேள்விகள் இல்லை. நீலகிரியின் மேல்மட்டத்தில் இந்த வரையறை கணக்கின் எல்லைக்கோட்டையே தவறான இடத்தில் போடுகிறது என்பது என் வாதம்.

உதகைக்கு மேற்கே முக்குருத்திப் பக்கம் மலையின் மடிப்புகளில் சோலை, சரிவுகளில் புல், தாழ்வுகளில் சதுப்பு என்று நிலம் அமைந்திருக்கிறது. காட்டை அழித்ததால் வந்ததே இப்புல்வெளி என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கைக்குச் சதுப்புகளே மறுமொழி தந்தன. புல்லும் மரமும் கரிமத்தின் இரு ஐசோடோப்புகளை வேறுவேறு விகிதத்தில் உள்வாங்குகின்றன. மட்காமல் படிந்த தாவர எச்சத்தில் அந்த விகிதம் அப்படியே நிற்கிறது. ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் வறண்ட கட்டத்தில், இங்கே புல்லே மேலோங்கியிருந்தது. கோடரி வருவதற்கு நெடுங்காலம் முந்திய புல்வெளி இது.

அதன் கரிமம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. புல் தன் சேமிப்பில் பெரும்பங்கை வேருக்கு அனுப்புகிறது. வேர் மடிந்து மண்ணில் சேர்கிறது. குளிர் நுண்ணுயிர்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இன்னொரு காரணமும் உண்டு, அதிகம் பேசப்படாதது. எரிமலையே இல்லாத இந்த மலையின் மேல்மட்ட மண், எரிமலைச் சாம்பல் மண்ணின் இயல்புகளைக் காட்டுகிறது. நீண்ட காலச் சிதைவில் எஞ்சிய அலுமினியமும் இரும்பும் கரிமப் பொருளைப் பிணைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்களால் அதை எளிதில் உடைக்க முடிவதில்லை. மேலே தீ ஓடினாலும் இந்தக் கையிருப்பின் பெரும்பகுதி மண்ணுக்குள் தப்பிவிடும். சதுப்பில் காவல் வேறு வகை: நீர் ஆக்சிஜனைத் தடுக்கிறது. அங்கே வடிகால் வெட்டிக் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டால் காற்று புகும்; ஆயிரமாண்டுப் படிவு கரியமில வாயுவாகக் கரையத் தொடங்கும்.

சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) 19-ஆம் நூற்றாண்டில் வந்தவை. விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்கும் மரக்கூழுக்கும் புல்வெளிகளில் பரவலாக நடப்பட்டன. இவை வேகமாகக் கரிமம் சேர்க்கின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் வெட்டிய மரம் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கோ சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கோ போனபின், அந்தக் கரிமத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் காற்றுக்குத் திரும்பியிருக்கும். கவாத்து செய்து ஒரே உயரத்தில் நிறுத்தப்படும் தேயிலைச் செடி பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதனிடையே நிற்கும் சில்வர் ஓக் மரங்களுக்குக் கணக்கில் இடம் கிடைக்கலாம், புல்வெளிக்குக் கிடைக்காது. இத்தனைக்கும் நாட்டின் காட்டுக் கரிமத்தில் பாதிக்கும் மேல் மண்ணில்தான் என்று வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் 2021 அறிக்கையே கூறுகிறது. மண்ணின் மதிப்பை அறிந்த அறிக்கை, விதானத்துக்கு வெளியே உள்ள மண்ணைக் கரிமக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டு மறுப்புகள் எழலாம். சதுப்பு மீத்தேனும் வெளியிடுகிறதே என்பது ஒன்று. வெளியிடுகிறது, ஆனால் மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வளிமண்டலத்தில் சிதையும், வடித்த சதுப்பிலிருந்து எழும் கரியமில வாயு பல தலைமுறைக்கு நிற்கும். மற்றது கடினமானது: சீகையை அகற்றுவதும் கரிம வெளியீடுதான். தமிழ்நாடு அரசின் 2022-ஆம் ஆண்டு அயல் தாவரக் கொள்கை அகற்றலை வலியுறுத்துகிறது. இயந்திரம் கொண்டு வேரோடு பிடுங்கினால் மண் கிளறப்படும். பல்லாண்டு உறங்கிய சீகை விதைகளும் முளைக்கும். சில சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகளே வளர்ந்து நிற்கின்றன. அவற்றைத் தொடாமல் விடுவதே சரி. புல்வெளியின் விளிம்பில் புதிதாகப் பரவும் இளஞ்சீகையை முதலில் எடுக்கலாம்: அங்கே இழக்கும் மரக் கரிமம் குறைவு, காப்பாற்றும் மண் அதிகம். வெட்டுமுன்னும் பின்னும் ஒரு மீட்டர் ஆழம்வரை மண்ணை அளந்து வைத்தால், இந்த வரிசை சரியா என்பதை எண்களே சொல்லும்.