ஆகாரத்துக்கு இட்ட மதிப்பெண்

1958-ஆம் ஆண்டு தொடங்கி, அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸும் அவருடைய துணைவர்களும் ஏழு தேசங்களில் நடுவயது ஆடவர் ஏறத்தாழ 13,000 பேரின் ஆகாரத்தையும் இருதய நிலையையும் பல்லாண்டுகள் ஆராய்ந்து வந்தபோது, ஆலிவ் எண்ணெயும் கீரையும் பயறும் ரொட்டியும் உண்டு வாழ்ந்த கிரீட் தீவின் குடியானவர்களிடையே மாரடைப்பு மிக அபூர்வமாக இருக்கக் கண்டார்கள். ஆயினும், ஊரோடு ஊரை ஒப்பிட்ட அந்த ஆராய்ச்சி, அடுத்தடுத்த வீட்டில் வசிக்கும் இருவரில் எவர் அவ்வுணவு முறையை அதிக நியமத்தோடு அனுசரிக்கிறார் என்று சொல்லும் அளவுகோல் எதையும் தரவில்லை.

அத்தகைய அளவுகோலை 1995-இல் வகுத்தவர் ஏதென்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் அந்தோனியா திரிகோபூலு. மூன்று கிரேக்கக் கிராமங்களின் முதியவர் 182 பேரை எடுத்துக்கொண்டு, காய்கறி, பழம், பயறு, தானியம், கொழுப்பின் தன்மை, இறைச்சி, பால், மது என்ற எட்டு அம்சங்களில், நல்லவற்றை அவ்வூராரின் நடு அளவுக்கு மேலும், இறைச்சியையும் பாலையும் அதற்குக் கீழும், மதுவை மிதமாகவும் கொண்டவர்க்கு அம்சத்துக்கு ஒன்றாக மதிப்பெண் இட்டார். தனித்தனியே பார்த்தால் ஆயுளோடு உறுதியான சம்பந்தம் புலப்படாத அந்த அம்சங்கள், ஒன்றுசேர்ந்த தொகையில் மதிப்பெண் ஒன்று கூடும்தோறும் மரண வீதம் ஏறக்குறைய 17 சதவீதம் குறைவதைக் காட்டின. ஏதேனும் ஒரு சத்தைப் பிரித்தெடுத்து அதற்கே மகிமை ஏற்றுவது வழக்கமாயிருந்த காலத்தில், முழு ஆகாரத்தையும் ஒரே பொருளாக வைத்து நோக்கிய இத்துணிவைப் பெருஞ்சாதனை என்றே கருதுகிறேன். 2003-இல் மீன் ஒன்பதாவது அம்சமாயிற்று. இம்முறை 22,043 கிரேக்கரிடம் அதே போக்கு தெரிந்தது.

ஆனால் நடு அளவு என்பது அளக்கப்படும் ஜனங்களோடு மாறுவது. காய்கறி மிகுதியாக உண்ணும் ஊரில் சற்றே குறைத்து உண்பவர் சுன்னம் பெற, அதை அருமையாகவே உண்ணும் ஊரில் அவர் உண்பதில் பாதி உண்பவரும் மதிப்பெண் பெற்றுவிடலாம்; ஆகவே ஒரு தேசத்து ஆறு மதிப்பெண்ணும் மற்றொரு தேசத்து ஆறும் ஒன்றாகா. இதை மறந்து நாடுகளை ஒப்பிடுவோர் விளைவிக்கும் குழப்பம் சிறிதன்று.

இவ்வுணவு முறை இருதய நோயைத் தடுக்குமா என்று ஆராயும் பிரெடிமெட் பரிசோதனையை ஸ்பெயினில் 7,447 பேரைக் கொண்டு நடத்திய அறிஞர்கள், நடு அளவுக்குப் பதிலாக நிலையான அளவுகள் பொருந்திய 14 கேள்விகளை வழங்கினார்கள். 2013-இல் வெளியான அப்பரிசோதனையின் முடிவு, பங்கேற்றோரைக் குலுக்கல் முறையில் பிரித்ததில் நேர்ந்த பிழைகளால் 2018-இல் திரும்பப் பெறப்பட்டுத் திருத்தி வெளியிடப்பட்டதாயினும், வினாத்தாள் இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. நாளொன்றுக்கு ஆலிவ் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டியேனும் சேர்கிறதா, வாரத்தில் மும்முறையேனும் பயறு உண்டா என்றெல்லாம் விசாரித்து வரும் அவ்வினாத்தாள், தக்காளியும் வெங்காயமும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வதங்கிச் சேரும் சோஃப்ரீட்டோவை வாரத்தில் இருமுறையேனும் உண்பதுண்டா என்றும் கேட்டு, சமையலின் பக்குவத்துக்கும் ஒரு மதிப்பெண் ஒதுக்குகிறது.