வேலிக்குள் கட்டினால் சூதல்ல

1930-ஆம் ஆண்டின் மதராஸ் சூதாட்டச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. குதிரைமேல் பணம் கட்டுவது சூதுதான். ஆனால் ரேஸ் நடக்கும் அன்றைக்கே, மைதானத்துக்குள், அரசு சம்மதித்து ஒதுக்கிய இடத்தில் கட்டினால் சூதாகாது. அதே குதிரைக்கு அதே பணத்தை வெளியே சைதாப்பேட்டையில் ஒரு புக்கியிடம் கொடுத்தால் போலீஸ் பிடிக்கும். சட்டக் கல்லூரியில் நான் இதை நடத்தும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். திறமையா, அதிர்ஷ்டமா என்று அந்த விலக்கு கேட்கவே இல்லை. வேலிக்கு உள்ளேயா, வெளியேயா என்று மட்டும் கேட்டது.

விலக்கை நீக்க 1949-லேயே சட்டம் வந்தது. அமலுக்கு வந்ததோ 1975-ல்தான். இதற்கிடையில் 1974-ல் கருணாநிதி அரசு ரேஸையே ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்தச் சட்டம் போட்டது. இவற்றை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில் தீர்ப்பானது. குதிரையின் வேகமும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் பயிற்சியால் வருபவை, ஜாக்கியின் கைத்திறன் தேர்ந்த கலை, ஆகவே குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம், சூதாட்டச் சட்டங்கள் அதைத் தொடா என்றது நீதிமன்றம்.

குதிரை, ஜாக்கி, பயிற்சியாளர் மூவரின் திறமையையும் நான் மறுக்கவில்லை. கவுண்டரில் நிற்பவருக்கும் திறமை உண்டு. என் பெரியப்பா ரேஸ் புக்கை இரவெல்லாம் பென்சிலோடு படித்தவர். குதிரையின் தாய் தகப்பன், போன ரேஸில் ஓடிய நேரம், ஜாக்கியின் எடை எல்லாம் அவருடைய நோட்டில் இருந்தன. கட்டிய பணமும் திரும்பி வந்த பணமும் மட்டும் அதில் இல்லை.

அவர் படிப்புக்கு எதிராக மைதானத்திலேயே சம்பளம் வாங்கும் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார்: ஹேண்டிகேப்பர். ஹேண்டிகேப் ரேஸில் நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றுவார்கள், சுமாரான குதிரைக்குக் குறைவாக. எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவர் தன் தொழிலில் எவ்வளவு கெட்டிக்காரரோ, பெரியப்பாவின் கணக்குக்கு அவ்வளவு குறைவாகத்தான் வேலை மிஞ்சும், மீதி அதிர்ஷ்டம். ஒருவருடைய திறமை இன்னொருவருக்கு அதிர்ஷ்டமாகிவிடுவதை அந்தத் தீர்ப்பு போதிய அளவு எடை போடவில்லை என்பது என் கருத்து.

டோட் (டோட்டலைசேட்டர்) கவுண்டரிலும் கட்டுகிறவர் கிளப்போடு மோதுவதில்லை, பக்கத்தில் நிற்பவரோடுதான் மோதுகிறார். எல்லோர் பணமும் ஒரு குவியலாகச் சேரும். முதலில் கிளப்பின் பங்கும் அரசின் வரியும் போகும். மீதியை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். சராசரித் திறமை உள்ளவர் அந்தக் கழிவு அளவுக்குத் தோற்றுக்கொண்டேதான் இருப்பார்.

பங்குச் சந்தையின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்துக்கும் இதே அமைப்புதான். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அந்தத் தடை குறுக்கே வரக்கூடாது என்று 1999-ல் நாடாளுமன்றம் தனிப்பிரிவு ஒன்றைச் சேர்த்தது: அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் நடந்தால் இந்த ஒப்பந்தங்கள் செல்லும். திரும்பவும் ஒரு வேலி. கையிலுள்ள பங்குகளின் விலை சரிந்துவிடுமோ என்று அஞ்சும் முதலீட்டாளருக்கு இந்தச் சந்தை உண்மையாகவே தேவை. ஆனால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இந்த வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

அதே 2024 செப்டம்பரில் மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் கிண்டி மைதானத்துக்கு அரசு சீல் வைத்தது. தகராறு நிலக் குத்தகையைப் பற்றியது. திறமையைப் பற்றியது அல்ல. இனி ஒரு நீதிமன்றம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியைக் கையில் எடுத்தால், ஜாக்கியின் சாட்சியத்தோடு நிறுத்தாமல், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களின் பத்து வருட வரவு செலவையும் வரவழைத்துப் பார்க்க வேண்டும்.