மறுசிந்தனைப் பயிற்சி (செவிலியர் தலைமை)

செவிலியர் தம் பணியைப் பின்னர் நிதானமாக எண்ணிப் பார்த்து, அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் முறை. டொனால்டு ஷோன் 1983இல் வெளியிட்ட நூல் இதற்கு அடித்தளமிட்டது. கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த சுழற்சியில் ஆறு கட்டங்கள்: நிகழ்ந்தது, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். இரண்டாம் கட்டத்திலேயே உணர்வுக்கு இடம் தந்தது இதன் பெருஞ்சிறப்பு. ஏனெனில், நோயாளியை இழந்த இரவைச் செவிலியர் பெரும்பாலும் தனியாகவே சுமக்கிறார்.

திருப்பூர், நீலகிரியிலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில், ஷிப்ட் மாறும் வேளையே இந்த மறுசிந்தனைக்குக் கிடைக்கக்கூடிய சிறு இடைவெளி. தலைமைச் செவிலியர் “யார் தப்பு?” என்று தொடங்கினால் இளையவர் வாய் திறக்கமாட்டார், “என்னாச்சு கண்ணு, சொல்லு” என்றால் மருந்தளவுக் குழப்பமும் வெளிவரும். அப்படிச் சொன்னதும் எழுதியதும் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புக்குள் போகக் கூடாது.