அக்கா ஓட்டிய சைக்கிள்

போன வாரம் டீக்கடைக்குப் பைக்கில் கிளம்பினேன். வீட்டிலிருந்து கடை அரை கிலோமீட்டர்கூட இருக்காது. எதிரே அக்கா சைக்கிளில் வந்துச்சு. “ஏன்டா, உனக்குக் காலு இல்லையா?”ன்னு கேட்டுட்டு நிக்காமப் போயிருச்சு. அதுக்கு அறுபது ஆகப்போகுது. அது கேட்டதில் பழைய கதையெல்லாம் ஞாபகம் வந்துருச்சு.

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் பக்கம். நான் சின்னப் பையனா இருந்தப்ப காலையில ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதை விட்டா நடைதான். அப்பத்தா கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் வைத்து ஆறு கிலோமீட்டர் நடந்து சந்தைக்குப் போகும். ஆம்பளைங்களுக்குச் சைக்கிள் இருந்துச்சு. நாங்க பையன்கள் வாடகை சைக்கிள் எடுத்து, கால் எட்டாம குரங்குப் பெடல் போட்டுப் பழகினோம். பொம்பளைப் பிள்ளை சைக்கிளைத் தொட்டா ஊரே பேசும்.

1991-ல் எங்க மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுக்க நிறையப் பெண்கள் முன்வந்தார்கள். ஆனா ஊர் ஊராகப் போய்வர பஸ்ஸையும் ஆம்பளைங்களையும் நம்பிக் காத்திருந்தால் வேலை நடக்காது. அதனால எழுத்தோடு சைக்கிளையும் கத்துக்கொடுத்தாங்க. தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது.

அப்ப மச்சான் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அக்கா கைக்குழந்தையோடு எங்க வீட்டில் இருந்துச்சு. “உன் சைக்கிளைக் கொஞ்ச நேரம் குடுடா”ன்னு என்கிட்ட கேட்டுச்சு. எனக்கு இருபத்தி ரெண்டு வயசு. கூட்டாளிங்க சிரிப்பானுங்களேன்னு பயம். சாவி தொலைஞ்சு போச்சுன்னு பொய் சொல்லி, ஒரு வாரம் அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அக்கா விடலை. அறிவொளித் தொண்டர் ஒருத்தங்க சைக்கிளை வாங்கி, பள்ளிக்கூட மைதானத்தில் பொழுது சாய்ந்த பிறகு பழகுச்சு. முழங்கால் ரெண்டும் சிராய்ப்பு. பத்தாம் நாள் வாசலில் வந்து இறங்கி, “சாவி கெடச்சிருச்சாடா?”ன்னு கேட்டுச்சு. நான் பதில் பேசலை.

1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதியில் போனார்கள். மாவட்டம் முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பலர் முன்னிலையில் சைக்கிள் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவங்க ஆம்பளைங்க சைக்கிளையே ஓட்டினாங்க. அக்காவும் கடைசியில் என் சைக்கிளைத்தான் எடுத்துச்சு. குழந்தையை முன்னால பாரில் உட்கார வைக்க அதுதான் தோதுன்னு சொல்லிருச்சு.

அதுக்கப்புறம் வீட்டு நிலைமையே மாறிருச்சு. முன்னெல்லாம் அம்மாவோ அப்பத்தாவோ சந்தைக்குப் போனா, காய் வித்தாலும் விக்காட்டியும் சாயங்கால பஸ் வரைக்கும் காத்துக் கிடக்கணும். அக்கா மதியத்துக்குள்ள வித்துட்டு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிரும். குழந்தைக்குக் காய்ச்சல்னா யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அது யாரையும் எதிர்பார்க்காம இருந்ததுதான் அன்னைக்கு ஊர்ல பல பேருக்குப் பொறுக்கலை. எனக்கும்தான்.

பிறகு அரசாங்கமே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்துச்சு. இன்னைக்கு எங்க தெருவில் பொம்பளைப் பிள்ளை சைக்கிளில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனா வீட்டுக்கு வீடு பைக் வந்ததும் சைக்கிளெல்லாம் மாட்டுக்கொட்டகைக்குப் போயிருச்சு. என்னுடையதும் அங்கேதான் கிடந்தது. பெட்ரோல் தீர்ந்தா நடக்க மாட்டோம், பங்க் வரை யாராவது கொண்டுபோய் விடமாட்டாங்களான்னு ரோட்டோரம் நிற்கிறோம். அன்னைக்கு அம்மா பஸ்ஸுக்குக் காத்திருந்தாங்க, இன்னைக்கு நாங்க பெட்ரோலுக்குக் காத்திருக்கோம்.

நேற்று சைக்கிளை இறக்கித் துடைச்சு, ரெண்டு டயரும் மாத்தினேன். டீக்கடை, பால் சொசைட்டி, வயல், மூணுக்கும் இனி அதுலதான். மூட்டை ஏத்தணும்னா மட்டும் பைக். டவுன்ல இருக்குற உங்களுக்கும் அரை கிலோமீட்டர்ல ஒரு கடை இருக்கும்தானே?

வயலுக்குப் போறப்ப அக்கா பாத்துச்சு. “சாவி கெடச்சிருச்சு போல”ன்னு சிரிச்சுச்சு. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் மறக்கலை. “மன்னிச்சிருக்கா”ன்னு இப்பதான் சொன்னேன்.